தாம்பூலமும் கடைவாய் வெள்ளைத் திட்டும்

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் தெற்காசியாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒன்றாக மெல்லப்பட்டு வருகின்றன. நான்காவதாகப் புகையிலை வந்து சேர்ந்து நானூறு ஆண்டுகளே ஆகின்றன. வாய்ப்புற்று வருவதற்கு முன்பு கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் ஈறை ஒட்டியும் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, சதை நாராக இறுகுதல் என்று சில மாற்றங்கள் தோன்றுகின்றன. வெற்றிலை மெல்லுவோரிடம் அவற்றை உண்டாக்குவது இந்த நான்கில் எது என்று உறுதிப்படுத்த மருத்துவத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்தத் தேடலின் தொடக்கக் கட்டம் தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்தது.

பாக்கு மரமும் வெற்றிலைக் கொடியும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பரவியவை. பிலிப்பைன்ஸின் பலவான் தீவில், டுயோங் குகையில் கிடைத்த நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எலும்புக்கூட்டின் பற்களில் மென்ற கறை படிந்திருந்தது. அருகே சுண்ணாம்பு வைத்திருந்த சிப்பிகளும் கிடந்தன. சிலப்பதிகாரத்தில், மதுரைப் புறஞ்சேரியில் உண்டு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அந்த ஊரார் எந்நேரமும் ஓர் இலையை வாயில் வைத்திருப்பதையும், வசதி படைத்தோர் அதனுடன் கர்ப்பூரமும் வாசனைப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்ப்பதையும் குறித்திருக்கிறார். அரசர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்க அடைப்பக்காரர் என்றே தனிப் பணியாளர் இருந்தனர். சுசுருத சம்ஹிதை வாய் நோய்களை விரிவாக வகைப்படுத்துகிறது. அதே நூல் தாம்பூலத்தை வாயைத் தூய்மையாக்கும் பொருளாகப் போற்றுகிறது. வெற்றிலை பாக்கு வைத்துத்தான் கல்யாணத்துக்கு அழைத்தார்கள், சம்பந்தம் பேசினார்கள், தெய்வத்துக்குப் படைத்தார்கள். இவ்வளவு மங்கலமான ஒன்றில் நோய் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை. மருத்துவர்களின் ஐயமும் பாக்கின் பக்கம் திரும்பக் கடைசிவரை தாமதமானதற்கு இந்த மதிப்பும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

புகையிலையைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். 1604-ஐ ஒட்டி பீஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக் அதை அக்பரின் அவையில் அறிமுகப்படுத்தினார். 1617-இல் ஜகாங்கீர் அதற்குத் தடை விதித்தார், தடை நிலைக்கவில்லை. தெற்கே அது இன்னும் விரைவாக வேரூன்றியது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி வெற்றிலைக்கும் புகையிலைக்குமான விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூரே பெரிய சந்தை. டச்சுக்காரர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் தோணிகளில் அது கடல் கடந்து வந்தது. அதன் விற்பனையைத் திருவிதாங்கூர் அரசு தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டிருந்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பி ஒரு பிரபந்தம் பாடும் அளவுக்கு அது தமிழ் வாழ்வில் இடம்பிடித்தது.

புகையிலை சேர்ந்தபின் வெற்றிலைச் சுருளின் பயனும் மாறியது. விருந்துக்குப் பின் வாய் மணக்கப் போடுவது ஒரு பழக்கம். வயலிலும் கடலிலும் தோட்டத்திலும் பசியையும் களைப்பையும் அடக்க நாள் முழுவதும் கடைவாயில் அதக்கி வைத்திருப்பது வேறொரு பழக்கம். இரண்டாவது பழக்கம் உடையவர்கள் சுருளை ஒரே பக்கத்துக் கன்னத்தில் ஒதுக்கிவைத்தார்கள். சிலர் அப்படியே உறங்கியும் போனார்கள். நோய் தாக்கியதும் பெரும்பாலும் அந்த இடத்தையே.

ஐரோப்பாவில் வாயின் வெள்ளைத் திட்டுகள் வேறு வழியாகக் கவனத்துக்கு வந்தன. லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகைபிடிப்போர் நாக்கில் தோன்றும் தடித்த வெண்படலத்தைக் கண்டார். அதே இடத்தில் பின்னர் புற்று வருவதையும் 1870-இல் எடுத்துரைத்தார். 1877-இல் புடாபெஸ்டின் எர்ன்ஸ்ட் ஷ்விம்மர் இதற்கு லியூக்கோபிளேக்கியா என்று பெயரிட்டார். காரணம் குறித்து அக்காலத்தில் தெளிவு இல்லை. புகைக்குழல், மேகநோய், கூரான பல், மது, மசாலா, வாய்ச் சுத்தமின்மை எல்லாமே பாடநூல்களில் வரிசையாக இடம்பெற்றன. பல தலைமுறை மாணவர்கள் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தார்கள். அவற்றில் புகையும் மதுவும் இன்றும் நிற்கின்றன. கூரான பல்லின் உரசல் தனித்து நின்று புற்றுக்கு இட்டுச்செல்வது அரிது. மசாலாவுக்கு எதிரான குற்றச்சாட்டு பொய்த்துவிட்டது.

நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கம் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மருத்துவமனைக்கு வந்த புற்றுநோயாளிகளின் எண்ணிக்கை அங்கிருந்த மருத்துவர்களைத் திகைக்கவைத்தது. வாய்ப்புற்றே அவர்களிடம் மிகுதி. 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நெய்யூர் மருத்துவர்கள் இருவர் அடுத்தடுத்து எழுதினார்கள்: ஆர்தர் ஃபெல்ஸ் தென்னிந்திய வாய்ப்புற்றுக்குச் செய்த 209 அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்தார்; பென்ட்டால் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்துக் காட்டினார். தாடையும் கன்னமும் அரித்துப்போன நிலையில் பல மைல் நடந்தும் கட்டிலில் சுமக்கப்பட்டும் வந்த உழைப்பாளிகளின் கதை அந்த எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் வாய்ப்புற்று ஆண்களின் நோயாகவே அறியப்பட்டிருந்தது. நெய்யூரில் அது பெண்களையும் தாக்கியது, ஏனென்றால் வெற்றிலை இருபாலாருக்கும் பொதுவாக இருந்தது.

எவரெஸ்ட் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுக்களில் இரு முறை இடம்பெற்ற ஹோவர்ட் சாமர்வெல், பின்னர் நெய்யூரிலேயே நெடுங்காலம் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். அவர் காலத்தில் அங்கிருந்த ஐ. எம். ஓர் என்ற மருத்துவர் 1933-இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் அடிக்கல். திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுக்கு என்ன காரணம், அது எப்படி வளர்கிறது, எப்படிக் குணப்படுத்துவது என்பதை அது முறையாக ஆராய்ந்தது. சுருளில் கலந்த புகையிலையின் பங்கையும் சுட்டியது. ஆய்வுக்கூட வசதி குறைந்த ஒரு கிராமத்து மருத்துவமனை, நோயாளியின் பழக்கத்தை ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துவைத்தே இதைச் சாதித்தது என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

தமிழர் சென்ற இடங்களுக்கெல்லாம் பழக்கமும் சென்றது, நோயும் சென்றது. இலங்கையில் பல் மருத்துவர் பாலேந்திரா 1949-இல் வெற்றிலை மெல்லுதல் பல்லையும் வாய்த் தசையையும் என்ன செய்கிறது, கன்னப்புற்றுடன் அதற்குத் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்து எழுதினார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் புகையிலை சேர்த்த வெற்றிலைப் பழக்கம் நெடுங்காலமாகப் பரவலாக இருந்துவருகிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாய்ப்புற்று இந்தியர்களிடம் தனித்துத் தெரிந்தது. 1960-இல் சிங்கப்பூரிலிருந்தும், 1969-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்தும் வந்த ஆய்வுகள் அதை வெற்றிலைப் பழக்கத்தோடு பொருத்திப் பார்த்தன. அங்கெல்லாம் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த மற்ற இனத்தாருக்கு இந்த நோய் இந்த அளவில் இல்லை. தட்பவெப்பமோ ஊர்த் தண்ணீரோ காரணமாக இருக்க முடியாது என்பதற்கு அதுவே வலுவான சான்றாயிற்று.

விடுதலைக்குப் பின் ஆராய்ச்சியின் மையம் பம்பாய்க்கும் சென்னைக்கும் நகர்ந்தது. 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையில் நோயியல் மருத்துவர் கானோல்கர், இந்தியாவில் எந்த மக்களிடம் எந்தப் புற்று வருகிறது என்பதை அவர்களின் பழக்கவழக்கங்களோடு சேர்த்துப் படித்தார். 1955-இல் சாங்வி, ராவ் ஆகியோருடன் சேர்ந்து புகைத்தலையும் புகையிலை மெல்லுதலையும் தனித்தனியே ஆராய்ந்து எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அதன் தூண்களான சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959-இலேயே வாய்ப்புற்றின் காரணிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். 1966-இல் ஜப்பானியரான ஹிராயாமா தென்னிந்தியாவையும் இலங்கையையும் உள்ளடக்கிச் செய்த ஆய்வில் ஒரு கணக்கு தெளிவாயிற்று: ஒரு நாளில் எத்தனை முறை போடுகிறார் என்பதைப் பொறுத்து ஆபத்து படிப்படியாக ஏறுகிறது, சுருளை வாயில் வைத்தபடி தூங்குவோருக்கு அது பல மடங்காகிறது.

மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் வைத்து ஆராய்ந்தால் புற்றுக்கு முன்நிலையான திட்டுகளைப் பற்றி அதிகம் அறிய முடியாது. அவை வலிப்பதில்லை, வலிக்காததற்காக யாரும் வைத்தியரிடம் போவதில்லை. ஆகவே 1966 முதல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபாலி மேத்தாவும் டென்மார்க்கின் பிண்ட்போர்க்கும் வாயைப் பார்க்க வீடுகளுக்கே ஆள் அனுப்பினார்கள். எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், தர்பங்கா, சிங்பூம் ஆகிய ஐந்து மாவட்டங்களில் 50,915 கிராமத்தார் பரிசோதிக்கப்பட்டனர். பழக்கம் எங்கே மாறுகிறதோ அங்கே நோயின் இடமும் மாறியது. கேரளத்தில் வெற்றிலை மெல்லுவோருக்குக் கன்னத்தில் வந்தது, ஸ்ரீகாகுளத்தில் மேலண்ணத்தில் வந்தது. அந்த மாவட்டத்துப் பெண்கள் சுட்டா எனும் சுருட்டைப் பற்றவைத்த முனை வாய்க்குள் இருக்கும்படி தலைகீழாகப் புகைப்பவர்கள்.

இந்தக் கிராமத்தார் சிலரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, புற்றுக் கண்டவர்களில் பெரும்பாலோர்க்கு அதே வாயில் முன்பே திட்டு இருந்தது தெரிந்தது. வெள்ளைத் திட்டுகளில் பெரும்பகுதி ஒருபோதும் புற்றாவதில்லை. வெண்மையும் சிவப்பும் கலந்து மேடுபள்ளமாக இருப்பவை கூடுதல் ஆபத்தானவை. செவ்விய வெல்வெட்டுப் படலம் போன்றவை எல்லாவற்றையும்விட மோசமானவை. 1975-இல் அமெரிக்காவின் ஷேஃபரும் வால்ட்ரனும் அத்தகைய 65 திட்டுகளின் திசுவை ஆராய்ந்தபோது பத்தில் ஒன்பதில் புற்றோ அதற்கு மிக நெருங்கிய மாற்றமோ இருந்தது. புகையிலையை விட்டவர்களிடம் பல வெள்ளைத் திட்டுகள் தாமாகவே மறைந்ததும் கண்டறியப்பட்டது. 36,000 புகையிலைப் பயனாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1986-இல் வெளியான ஆய்வு, வீடு தேடிச் சென்று எடுத்துச்சொன்னாலே புதிய திட்டுகள் குறைகின்றன என்று நிரூபித்தது.

இதற்குள் இன்னொரு நோய் தனியாகத் தலைகாட்டியிருந்தது. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாய் உட்பகுதி வெளிறி, இறுகி, திறக்கவே முடியாமல் போயிருந்ததை விவரித்தார். அடுத்த ஆண்டு பம்பாயின் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜோஷி அதே நிலையைத் தம் நோயாளிகளிடம் கண்டு எழுதினார். வாயின் மென்படலத்துக்கு அடியில் நார்த்திசு பெருகி, கன்னத்துக்குள் கயிறு ஓடுவதுபோலத் தடிக்கிறது. முதலில் காரம் பட்டால் எரிச்சல். பின்னர் மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல் நுழைவதே கடினம். பேச்சு குழறுகிறது, சோற்றை மெல்ல முடியவில்லை.

நோயாளிகள் எல்லோரும் மிளகாய் எரிகிறது என்று முறையிட்டதால் மிளகாயே காரணம் என்று சிலர் நினைத்தார்கள். எலிகளின் அண்ணத்தில் மிளகாயின் காரப்பொருளைத் தடவி 1960-இல் பம்பாயில் சோதனைகூட நடந்தது. விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்ட பிழை இது. மிளகாய் மிகுதியாகத் தின்னும் வேறு நாட்டு மக்களிடம் இந்த நோய் இல்லை. இரும்புச்சத்துக் குறைவும் வைட்டமின் குறைவும் வாய்ப்படலத்தை நலிவாக்கி நோய்க்குத் துணைபோகின்றன, ஆயினும் அவை மூலகாரணம் அல்ல. பாவ்நகரில் செய்து 1990-இல் வெளியான ஆய்வு போன்றவை பாக்கையே நேரடியாகச் சுட்டின. பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலிய காரச்சத்துகள் நார்த்திசுவைச் சுரக்கும் செல்களைத் தூண்டுகின்றன. அதன் துவர்ப்புச் சத்தும் செம்பும் அந்த நாரை எளிதில் கரையாதபடி இறுக்குகின்றன. சுண்ணாம்பு வாயைக் காரநிலைக்குக் கொண்டுபோய் இந்த வேதிமாற்றங்களை விரைவாக்குகிறது. வெள்ளைத் திட்டைப் போல இந்த இறுக்கம் பழக்கத்தை விட்டால் நீங்குவதில்லை. எர்ணாகுளத்தில் இந்நோய் கண்ட 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 5 பேருக்குப் புற்று வந்தது.

இருந்தும் பாக்கைத் தனித்த புற்றுக்காரணி என்று அறிவிக்க உலக மருத்துவம் தயங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று தீர்மானித்தது; புகையிலை சேராத வெற்றிலைக்குச் சான்று போதாது என்றது. இந்தியாவில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம், வெறும் பாக்கு மட்டும் மெல்லும் பெருங்கூட்டத்தைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சான்று தைவானிலிருந்தும் பப்புவா நியூ கினியிலிருந்தும் வந்தது. தைவானில் இளம்பாக்கைச் சுண்ணாம்புடன் புகையிலை இல்லாமலே மெல்லுகிறார்கள்; வாய்ப்புற்று அங்கே மிகுதி. பப்புவாவில் சுண்ணாம்புப் பொடியைத் தனியாக வாய்க்கடையில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்திலேயே புற்று மிகுவதை 1992-இல் ஓர் ஆய்வு காட்டியது. இவற்றையெல்லாம் சீர்தூக்கிய அதே முகமை 2003-இல் கூடி, 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையே மனிதருக்குப் புற்று விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வெற்றிலை இலை ஒன்றுதான் அந்தச் சுருளில் குற்றமற்றது எனலாம். அதிலுள்ள சில பொருள்கள் தீங்கைச் சற்றே தடுக்கவும் கூடும்.

அறிவியல் இந்த முடிவுக்கு வருவதற்குள் சந்தை இலையையே கழற்றி எறிந்துவிட்டது. 1970-களில் டப்பாவில் வந்த பான் மசாலாவும், அடுத்த பத்தாண்டில் சிறு சிறு பொட்டலங்களாகத் தொங்கிய குட்காவும் உலர்ந்த பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி, வாசனை ஆகியவற்றைக் கொண்டவை; குட்காவில் புகையிலையும் சேர்ந்தது. வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, எச்சில் படிக்கம் எதுவும் தேவையில்லை. ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது, சட்டைப்பையில் மறைந்தது. பாட்டி நாளைக்கு நான்கு முறை போட்டதைப் பள்ளிச் சிறுவன் இருபது முறை போட முடிந்தது. முதியோரிடம் காணப்பட்ட வாய் இறுக்கம் இருபது வயது இளைஞர்களிடம் தெரியத் தொடங்கியது இதன் நேர் விளைவு. சென்னைத் தெருக்களில் மாவா என்ற பெயரில் விற்கப்படுவதும் இந்த வகையே.

தமிழ்நாடு 2001-இல் குட்காவைத் தடைசெய்தது. மாநிலங்கள் இப்படித் தடைபோட அன்றைய உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இடம்தரவில்லை என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உணவில் புகையிலையோ நிக்கோட்டினோ சேரக் கூடாது என்ற 2011-ஆம் ஆண்டு மத்திய விதியை வைத்து 2013-இல் மீண்டும் தடை வந்தது. இலங்கை 2016-இல் மெல்லும் புகையிலைப் பொருள்களின் உற்பத்தியையும் விற்பனையையும் தடுத்தது. தமிழ்நாட்டுத் தடையின் அடிப்படை புகையிலை என்பதால் பொட்டலமிட்ட சீவலும் வாசனைப் பாக்கும் அதற்கு வெளியே நிற்கின்றன. குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் அவை கடைகளில் தொங்குவது வேதனைக்குரியது.

மற்ற காரணிகளின் இடமும் இப்போது தெளிவாகிவிட்டது. பீடியும் சிகரெட்டும் தனித்தே திட்டுகளை உண்டாக்குகின்றன. மது அவற்றோடு சேரும்போது ஆபத்து கூட்டலாக அன்றிப் பெருக்கலாக ஏறுகிறது. காய்கறியும் பழமும் குறைந்த உணவு துணைக்காரணி. தொண்டைப்புற்றில் பெரும் பங்கு வகிக்கும் ஹெச்.பி.வி. வைரசுக்கு வாயின் முன்பகுதியில் சிறிய பங்கே உண்டு.

முன்நிலையிலேயே கண்டுபிடிப்பது உயிரைக் காக்குமா என்பதற்கும் விடை இந்த மண்ணிலிருந்தே கிடைத்தது. இலங்கையில் 1980-களின் தொடக்கத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து கிராமங்களில் வாயைப் பரிசோதிக்கச் செய்தார்கள். அவர்களால் திட்டுகளைச் சரியாக இனங்காண முடிந்தது. திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வு 13 பகுதிகளில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேரை உள்ளடக்கியது. மருத்துவம் படிக்காத பட்டதாரிப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்ததே அதன் முழு முறையும். 2005-இல் வெளியான முடிவு, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் வரும் சாவு 34 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. அந்தப் பணியாளர்கள் தேடியவை சிலவே: சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், குறுகிவரும் வாய்த் திறப்பு.